எதிராளியின் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்தவர்

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஓய்வுநாள் பள்ளியில் ஒருநாள் டீச்சரிடம் கேட்டேன்: கடவுளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, பிறகு எதற்கு அவர் பூமிக்கு இறங்கி வரவேண்டும், மேலே இருந்தபடியே சரிசெய்திருக்கலாமே என்று. கெட்டிக்காரத்தனமாகக் கேட்கவேண்டும் என்றெல்லாம் இல்லை. எங்கள் வீட்டில் தாத்தா சாய்வுநாற்காலியை விட்டு எழாமலேயே மொத்தக் குடும்பத்தையும் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தார், கடவுளுக்கு அதுகூடவா முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான். டீச்சர் நல்லவர், கோபப்படவில்லை. "எல்லாத்தையும் கேள்வி கேக்கக் கூடாது தம்பி, விசுவாசிக்கணும்" என்றார். 'காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள்' என்ற வசனத்தை மனப்பாடம் பண்ணச் சொன்னார், பண்ணினேன், அடுத்த வாரம் ஒப்பித்ததற்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கிடைத்தது.

முப்பது வருஷம் கழித்து, அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் ஒரே புத்தகத்தில் இருப்பதைப் பார்த்தேன். கேள்வி நாலாம் பகுதியில் இருக்கிறது: கடவுள் இறங்கிவந்தது எதற்கு, மனுஷரிடையே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவா, அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, தெரிந்திருந்தால் தன் வல்லமையாலேயே திருத்தியிருக்கலாமே, ஆளை அனுப்புவானேன்? பதில் முதல் பகுதியிலேயே வந்துவிடுகிறது: 'கேள்வி கேட்காதே, நம்பு', 'உன் விசுவாசம் உன்னை ரட்சிக்கும்', கிறிஸ்தவர்களைக் கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள் என்று. இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள், கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய பழைய தத்துவஞானி செல்சஸ். ஏறத்தாழ கி.பி. 178. எனக்கு முதுகில் சில்லென்று ஏதோ ஓடியது. பதினெட்டு நூற்றாண்டாக ஒரு வாரிசுச் சொத்துபோல அந்தக் கேள்வியும் பதிலும் கைமாறி எங்கள் ஊர் ஓய்வுநாள் பள்ளி வரைக்கும் வந்திருக்கின்றன.

ஆனால் நான் படித்தது செல்சஸின் புத்தகம் இல்லை. அது இன்று இல்லவே இல்லை. 'உண்மை உரை' என்ற பெயரில் அவர் எழுதிய அந்த நூலின் ஒரு பிரதிகூட மிச்சமில்லை. நான் படித்தது அதற்கு எழுதப்பட்ட மறுப்பு. ஒரிஜென் என்ற கிறிஸ்தவ அறிஞர், செல்சஸ் எழுதி எழுபது வருஷம் கழித்து, ஏறத்தாழ 248-ல், பாலஸ்தீனத்துச் செசரியா நகரத்தில் உட்கார்ந்து கிரேக்கத்தில் எழுதிய எட்டுப் பகுதிகள். நான் வைத்திருப்பது ஹென்றி சாட்விக் 1953-ல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு. படித்தேன் என்பதைவிட அதோடு பல மாதம் மல்லுக்கட்டினேன் என்பது சரி, ஏனென்றால் ஒரிஜென் சுருக்கமாகப் பேசத் தெரியாதவர். ஒரு வரி குற்றச்சாட்டுக்கு மூன்று பக்கம் பதில் சொல்வார், அதில் இரண்டு பக்கம் வேதவசனம்.

அவர் பதில் சொன்ன விதம்தான் விசேஷம். செல்சஸ் சொன்னதை முதலில் அப்படியே, அவருடைய சொற்களிலேயே, எடுத்து வைக்கிறார். பிறகு பதில். அடுத்த வாக்கியம். பதில். இப்படியே எட்டுப் பகுதிக்கும். அதனால் செல்சஸின் நூலில் பெரும்பகுதியை இந்த மறுப்பிலிருந்தே ஆய்வாளர்களால் திரும்ப எடுத்துக் கோக்க முடிந்திருக்கிறது. இந்த மாதிரி விஷயம் தமிழ் படித்தவர்களுக்குப் புதிதில்லை. குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியம் தொலைந்துபோனது, அதை மறுக்கவந்த சமண நூலான நீலகேசி தங்கிவிட்டது, நீலகேசியின் உரை இல்லாவிட்டால் குண்டலகேசிப் பாடல்களில் சிலவற்றை நாம் பார்த்தே இருக்கமாட்டோம். எதிர்த்தவன் வீட்டுப் பரணில்தான் பல சமயம் எதிர்க்கப்பட்டவனின் பாத்திரபண்டம் கிடைக்கிறது.

சரி, செல்சஸுக்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்பதையும் கொஞ்சம் சொல்லவேண்டும், அப்போதுதான் அவர் ஏன் வேறு மாதிரி ஆள் என்று புரியும். ரோமப் பேரரசில் முதல் நூறு நூற்றைம்பது வருஷம் கிறிஸ்தவர்களைப் பற்றி ஓடியதெல்லாம் தெருப்பேச்சு. ராத்திரியில் கூடிக் குழந்தையை வெட்டித் தின்கிறார்கள், விளக்கை அணைத்துவிட்டு அண்ணன் தங்கை என்று பார்க்காமல் புணர்கிறார்கள், கழுதைத் தலையைக் கும்பிடுகிறார்கள். சகோதரன், சகோதரி என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு, அப்பத்தையும் ரசத்தையும் இது என் சரீரம் இது என் ரத்தம் என்று சாப்பிட்டால் வெளியே இருப்பவன் என்ன நினைப்பான்? கழுதை விஷயத்துக்குச் சுவரிலேயே சாட்சி உண்டு. ரோமில் பாலட்டைன் குன்றில் 1857-ல் ஒரு கிறுக்கல் கண்டெடுக்கப்பட்டது. கழுதைத் தலையோடு ஒரு உருவம் சிலுவையில் தொங்குகிறது, பக்கத்தில் ஒருவன் கையை உயர்த்தி நிற்கிறான், கீழே 'அலெக்சமெனோஸ் தன் கடவுளைக் கும்பிடுகிறான்' என்று எழுதியிருக்கிறது. பையன்கள் வகுப்பில் ஒருத்தனைக் கிண்டல் பண்ணிச் சுவரில் எழுதுவார்களே, அதே வேலை.

இந்த மாதிரி பேச்சுக்குத்தான் முதலில் வந்த கிறிஸ்தவ எழுத்தாளர்கள் பதில் சொன்னார்கள். யுஸ்தின் ஏறத்தாழ 155-ல் பேரரசர் அந்தோனினுஸ் பீயுஸுக்கே மனுப்போல எழுதினார்: கிறிஸ்தவன் என்ற பெயரை மட்டும் வைத்துத் தண்டிக்காதீர்கள், குற்றம் செய்திருந்தால் விசாரித்துத் தண்டியுங்கள். பத்து வருஷத்தில் அவர் தலையே போனது. வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜைச் சேர்ந்த தெர்த்துல்லியன் 197-ல் எழுதியதைப் படித்தால் வக்கீல் கோர்ட்டில் நின்று நக்கலடிப்பதுபோல இருக்கும். தைபர் ஆறு மதிலைத் தொட்டாலும், நைல் ஆறு வயலைத் தொடாவிட்டாலும், மழை பொய்த்தாலும், பூமி அதிர்ந்தாலும், பஞ்சமோ கொள்ளைநோயோ வந்தாலும் உடனே 'கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போடு' என்கிறீர்களே, இத்தனை பேரையும் ஒரே சிங்கத்துக்கா என்று கேட்கிறார். எனக்குத் தெர்த்துல்லியனை அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் இந்த வரிக்காக அவரை மன்னித்துவிடலாம்.

இந்த எழுத்துக்குக் கிரேக்கத்தில் 'அப்பொலொகியா' என்று பெயர். வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்வது. புதிய ஏற்பாட்டில், முதலாம் பேதுருவில் வரும் இதே சொல்லைப் பழைய தமிழ் வேதாகமம் 'உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்' என்று மொழிபெயர்த்திருக்கிறது. சின்னவயதில் இதைப் படித்துவிட்டு, கிறிஸ்தவர்கள் எல்லோருக்கும் உத்தரவு போடவேண்டுமாக்கும் என்று நினைத்திருந்தேன். உத்தரவு என்றால் பதில் என்று ஒரு காலத்தில் பொருள் இருந்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. பதில் சொல்வதை உத்தரவு போடுவதாகப் புரிந்துகொண்டது நான் ஒருவன் மட்டும் இல்லை என்றும் பிறகு தெரிந்தது, அது வேறு கதை.

செல்சஸுக்கு வருவோம். அவர் வதந்தியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை, படித்துவிட்டு வந்தார். ஆதியாகமம் படித்திருக்கிறார், சுவிசேஷம் படித்திருக்கிறார், கிறிஸ்தவர்களுக்குள் எத்தனை பிரிவு, யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நர மாமிசம், கழுதை பற்றிய பேச்செல்லாம் இவருக்குத் தேவைப்படவே இல்லை. முதலில் ஒரு யூதனைக் கற்பனை செய்து அவன் வாயால் இயேசுவைக் கேள்வி கேட்கவைக்கிறார். பிறகு தானே மேடை ஏறி யூதரையும் கிறிஸ்தவரையும் சேர்த்துப் போட்டுத் தாளிக்கிறார். இரண்டு பேரும் கழுதையின் நிழலுக்குச் சண்டை போடுகிறார்கள் என்று கிரேக்கப் பழமொழி ஒன்றை எடுத்துவிடுகிறார். மரியாள் நூல் நூற்றுப் பிழைத்த ஏழை, பந்தெரா என்ற போர்வீரனால் கர்ப்பமானவள், மகன் எகிப்துக்குக் கூலிவேலைக்குப் போய் அங்கே மந்திர வித்தை கற்றுக்கொண்டு வந்தான், வந்து தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொண்டான். உயிர்த்தெழுந்ததை யார் பார்த்தது? புத்தி தடுமாறிய ஒரு பெண், இன்னும் அதே மயக்கத்தில் இருந்த யாரோ ஒருவர். தெய்வ வல்லமையைக் காட்டவேண்டும் என்றால் தன்னை அவமானப்படுத்தியவர்களுக்கும் தீர்ப்புக் கொடுத்தவனுக்கும் எல்லோருக்கும் அல்லவா காட்சி தந்திருக்கவேண்டும்?

விசுவாசியாக இதைப் படித்தால் வலிக்கும். எனக்கும் வலித்தது, நான் கோயிலுக்குப் போவதை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தும்.

அதைவிட எனக்கு ஒட்டிக்கொண்டது அவர் காட்டும் ஒரு காட்சி. வீடுகளுக்குள் கம்பளி வேலை செய்பவர்கள், செருப்புத் தைப்பவர்கள், துணி வெளுப்பவர்கள், படிக்காத நாட்டுப்புறத்தார் இருக்கிறார்கள். முதலாளி முன்னால், பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கமாட்டார்கள். ஆனால் பிள்ளைகளும் கூடவே அறியாத பெண்களும் தனியாகக் கிடைத்தால் போதும், அப்பா சொல்வதைக் கேட்காதே, வாத்தியார் சொல்வதைக் கேட்காதே, எங்களுக்குத்தான் வாழத் தெரியும் என்று ஆரம்பிக்கிறார்கள். அப்பாவோ வாத்தியாரோ வந்துவிட்டால் கொஞ்சம் பயந்தவர்கள் ஓடிவிடுகிறார்கள். துணிந்தவர்கள் பிள்ளைகளின் காதில் ரகசியமாக, இவர்கள் இருக்கும்போது எதுவும் சொல்லமுடியாது, நீங்கள் எங்களோடு கம்பளிக் கடைக்கோ செருப்புத் தைக்கிற கடைக்கோ வெளுக்கிற கடைக்கோ வாருங்கள், அங்கே எல்லாவற்றையும் சொல்லித்தருகிறோம் என்கிறார்கள்.

இதைவிட உயிரோட்டமாக இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவத்தை எந்தக் கிறிஸ்தவரும் காட்டவில்லை என்பது என் எண்ணம். வெறுப்போடு பார்ப்பவனுக்குச் சில சமயம் கண் கூர்மையாக இருக்கும். செல்சஸுக்கு இது கேவலம். தொழிலைச் சொன்னாலே வசை என்று அவர் நினைக்கிறார், செருப்புத் தைப்பவன் தத்துவம் பேசலாமா என்பதுதான் அடியில் ஓடும் கேள்வி. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் குரலை விளக்கவேண்டியதில்லை.

ஒரிஜென் இதற்கு என்ன சொல்கிறார் என்று ஆவலாகப் பக்கம் புரட்டினேன். எந்த வாத்தியாரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தோம், நல்லதைச் சொல்லித்தரும் வாத்தியார் ஒருவரைக் காட்டு, நாங்கள் அதைவிடக் கேவலமானதைச் சொல்லித்தந்தோம் என்று நிரூபி என்கிறார். நியாயமான பதில்தான். ஆனால் எங்களிடமும் படித்தவர்கள் இருக்கிறார்கள் என்று காட்டுவதில் அவருக்குக் கொஞ்சம் அவசரம் இருக்கிறது. செருப்புத் தைப்பவர் பேசினால் என்ன தப்பு என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்டிருக்கலாம். அது வேறு இடத்தில், ஏழாம் பகுதியில், ஒரு சமையல் உவமையாக வருகிறது. உடம்புக்கு நல்ல ஒரே உணவை, ஒருவர் மசாலா எல்லாம் சேர்த்துப் பணக்காரர் நாக்குக்குத் தக்கபடி சமைக்கிறார். இன்னொருவர் அதே உணவை ஏழைகளுக்கும் நாட்டுப்புறத்தாருக்கும் பழகிய விதத்தில் சமைத்துக் கூட்டத்துக்கே போடுகிறார். இரண்டிலும் சத்து ஒன்றுதான் என்றால் ஊருக்கு உபகாரம் செய்தவர் யார்? பிளேட்டோவும் அவருடைய ஆட்களும் முதல் சமையல்காரர், தீர்க்கதரிசிகளும் இயேசுவின் சீடர்களும் இரண்டாவது. பிளேட்டோவை ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லாமலே காரியத்தை முடித்துவிட்டார் பாருங்கள்.

இந்த மனிதரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரிஜென் ஏறத்தாழ 185-ல் எகிப்தில் அலெக்சாந்திரியாவில் பிறந்தவர், ஏழு பிள்ளைகளில் மூத்தவர். 202-ல் செப்திமியுஸ் செவெருஸ் காலத்துத் துன்புறுத்தலில் அப்பா லெயோனிதெஸைப் பிடித்துப் போய்க் கொன்றார்கள். பையன், நானும் போகிறேன் என்று நின்றான். அம்மா கெஞ்சிப் பார்த்து, முடியாமல், அவனுடைய துணிமணிகளை எல்லாம் ஒளித்து வைத்துவிட்டார். அம்மணமாகத் தெருவில் இறங்கமுடியாமல் அவன் வீட்டிலேயே கிடந்தான். யூசேபியஸ் தன் திருச்சபை வரலாற்றில் எழுதிவைத்த கதை இது. கிறிஸ்தவ உலகத்தின் முதல் பெரிய அறிஞரை நமக்கு விட்டுவைத்தது ஒரு தாயின் துணி ஒளிப்பு. வீட்டுக்குள் இருந்தபடி பையன் அப்பாவுக்கு, எங்களுக்காக உங்கள் மனதை மாற்றிக்கொள்ளாதீர்கள் என்று கடிதம் எழுதினானாம். சொத்து பறிமுதல் ஆனது. பதினேழு வயதில் இலக்கணம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

பிற்பாடு அம்புரோஸ் என்ற பணக்காரர் இவருக்கு ஆதரவாளர் ஆனார். ஏழுக்கும் மேற்பட்ட சுருக்கெழுத்தர்கள் முறைவைத்து எழுத, அதே அளவுக்குப் படி எடுப்பவர்கள், அழகாக எழுதப் பழகிய பெண்கள் என்று ஒரு அலுவலகமே அவர் செலவில் நடந்தது. செல்சஸுக்குப் பதில் எழுதச் சொல்லிப் புத்தகத்தை அனுப்பியதும் அம்புரோஸ்தான். ஒரிஜெனுக்கு இதில் அவ்வளவு இஷ்டமில்லை. முன்னுரையிலேயே, பொய்ச்சாட்சிகள் முன்னால் இயேசு பேசாமல் நின்றாரே, வாழ்க்கைதானே பதில் என்கிறார். செல்சஸின் பேச்சால் ஆட்டம் காண்கிற விசுவாசம் எப்படிப்பட்ட விசுவாசம் என்றும் கேட்கிறார். ஆனாலும் கூட்டத்தில் பலவீனமானவர்களும் இருப்பார்களே, அவர்களுக்காக எழுதுகிறேன் என்று உட்கார்ந்தார். நடுவில் வேலைமுறையையும் மாற்றியிருக்கிறார், அதையும் மறைக்கவில்லை: முதலில் குறிப்பு எடுத்துக்கொண்டு பிறகு விரிவாக எழுதலாம் என்று நினைத்தேன், நேரத்தை மிச்சப்படுத்த இப்படியே போகிறேன் என்கிறார். முன்னுரையைக் கொஞ்ச தூரம் போனபிறகு எழுதி முன்னால் ஒட்டியதையும் சொல்லிவிடுகிறார். கெடு தேதியோடு வேலை செய்பவர்களுக்கு இது பழக்கமான குரல்.

அவர் குறைகளும் உண்டு. செல்சஸை எபிகூரியன் என்று கடைசிவரை ஒட்டவைக்கப் பார்க்கிறார், ஏனென்றால் அந்தக் காலத்தில் எபிகூரியன் என்றால் கடவுளின் பராமரிப்பை நம்பாதவன், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் படிக்கப் படிக்க எதிரில் இருப்பவர் பிளேட்டோவில் ஊறியவர் என்பது பச்சையாகத் தெரிகிறது. நாலாம் பகுதிக்கு வரும்போது ஒரிஜெனுக்கே சந்தேகம்: ஒன்று தன் எபிகூரியக் கருத்தை மறைக்கிறான், இல்லை திருந்திவிட்டான், இல்லாவிட்டால் இவன் அதே பெயருள்ள வேறு ஆளோ? அந்த வரியை அடித்துவிட்டு முதலிலிருந்து திருத்தி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தன் தவறான ஊகமும் அது ஆட்டம்காணும் இடமும் இரண்டும் அப்படியே புத்தகத்தில் நிற்கின்றன.

உயிர்த்தெழுந்தவர் தனக்குத் தீர்ப்புக் கொடுத்த பிலாத்துவுக்கு ஏன் காட்சி தரவில்லை என்ற கேள்வி வந்ததும் இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது என்கிறார். பிறகு சொல்லும் பதில், எல்லோருக்கும் அந்தக் காட்சியைத் தாங்கும் சக்தி இல்லை, இயேசு ஒளியாக உருமாறிய மறுரூப மலைக்கும் சீடர்களில் மூன்று பேரைத்தானே கூட்டிப்போனார் என்பது. எனக்கு இது போதவில்லை. செல்சஸ் இதற்கு என்ன திருப்பிக் கேட்பார் என்று எனக்கே தோன்றுகிறதே, ஒரிஜெனுக்குத் தோன்றியிருக்காதா?

இன்னொரு இடத்திலும் செல்சஸ் பக்கம் சாய்ந்தேன். எல்லாம் மனுஷனுக்காகவே படைக்கப்பட்டது என்பதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சூரியனும் இரவும் மனுஷனுக்கு ஊழியம் செய்கின்றன என்றால் எறும்புக்கும் ஈக்கும்கூடத்தான் செய்கின்றன. எறும்புகள் வழியில் சந்தித்தால் பேசிக்கொள்கின்றன, செத்தவற்றுக்குத் தனி இடம் ஒதுக்குகின்றன. வானத்திலிருந்து ஒருவர் குனிந்து பார்த்தால் நாம் செய்வதற்கும் எறும்பும் தேனீயும் செய்வதற்கும் என்ன வித்தியாசம் தெரியும்? இதே எழுத்தாளர்தான் கிறிஸ்தவர்களை வௌவால் கூட்டம், புற்றிலிருந்து வரும் எறும்பு, குளத்தைச் சுற்றி மாநாடு போடும் தவளை, சேற்று மூலையில் கூடிய புழு என்று திட்டியவர். திட்டும்போது மட்டும் எறும்பு கேவலமாகிவிடுகிறது போலும். ஆனாலும் அந்த வானத்துப் பார்வை அழகு. ஒரிஜென் பல பக்கம் எழுதி, விலங்குகள் செய்வது அறிவால் அல்ல இயல்பால் என்று வாதாடுகிறார், எனக்குக் கொட்டாவி வந்தது.

என் பழைய கேள்விக்கு அவர் சொன்ன பதில் வேறு ரகம். கடவுள் வல்லமையை மட்டும் காட்டி ஒரே அடியில் எல்லோரையும் திருத்திவிட்டால், மனுஷனின் சொந்த விருப்பத்துக்கு என்ன இடம் என்று கேட்கிறார். தாத்தா நாற்காலியிலிருந்தே ஆட்டிவைத்த வீட்டில் யாருக்கும் சொந்த விருப்பம் என்று ஒன்று இருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இது பத்து வயதில் கிடைத்திருந்தால் நான் எங்கே இருந்திருப்பேன் என்று தெரியவில்லை, ஒருவேளை இதே இடத்தில்தான்.

'கேள்வி கேட்காதே, நம்பு' என்பதற்கு வருகிறேன். இங்கே ஒரிஜென் மழுப்பவே இல்லை. ஆமாம், அப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று ஒத்துக்கொள்கிறார். எல்லோராலும் பிழைப்பை விட்டுவிட்டுத் தத்துவம் படிக்க முடியும் என்றால் அந்த ஒரு வழிதான் சரி, வேறு வழியே தேவையில்லை. ஆனால் வயிற்றுப்பாடு இருக்கிறதே, எத்தனை பேருக்கு நேரம் இருக்கிறது? அதுவரைக்கும் அவர்கள் திருந்தாமல் காத்திருக்கவேண்டுமா? அதோடு விடவில்லை, திருப்பிக் கேட்கிறார்: உங்கள் தத்துவப் பள்ளிகளில் சேருபவன் மட்டும் எல்லாப் பள்ளியையும் விசாரித்து எடைபோட்டுவிட்டா சேருகிறான்? பக்கத்தில் ஒரு குரு கிடைத்தார், சேர்ந்தான். கப்பல் ஏறுகிறவனும் கல்யாணம் செய்கிறவனும் பிள்ளை பெறுகிறவனும் விதை விதைக்கிறவனும் நல்லதே நடக்கும் என்ற நம்பிக்கையில்தானே இறங்குகிறார்கள், நேர்மாறாகவும் நடக்கலாம் என்று தெரிந்தே?

இது ஜெயித்த வாதமா? முழுக்க இல்லை. விதை முளைத்ததா இல்லையா என்று மூன்றாம் மாதம் வயலில் போய்ப் பார்த்துவிடலாம். ஆனால் குற்றச்சாட்டின் உண்மையான பாதியை ஒத்துக்கொண்டு, மிச்சப் பாதியைச் சொன்னவரிடமே திருப்பிக் கொடுக்கும் இந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் டீச்சர் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார், பாவம், அவருக்கும் வயிற்றுப்பாடு.

இப்போது வேறு ஒரு புத்தகத்தின் கதை. செல்சஸுக்கு நூறு வருஷம் கழித்து வந்தவர் போர்ஃபிரி, அவரும் பிளேட்டோ வழி வந்த தத்துவஞானி. 'கிறிஸ்தவர்களுக்கு எதிராக' என்று பதினைந்து பகுதிகள் எழுதினார். செல்சஸைவிட ஆபத்தான ஆள், ஏனென்றால் இவர் நூல்களைத் தேதி பார்த்துப் படிப்பவர். வேதாகமத்தின் தானியேல் புத்தகம் பாபிலோன் காலத்துத் தீர்க்கதரிசனம் இல்லை, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கு எபிபானஸ் என்ற அரசன் காலத்தில் யாரோ நடந்ததை வைத்து எழுதியது என்று சொன்னார். இன்றைக்கு வேதாகம ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார்கள்.

அவருக்கும் பதில் எழுதினார்கள். மெதோதியுஸ் எழுதினார், யூசேபியஸ் இருபத்தைந்து பகுதி எழுதினார், லவோதிக்கேயாவின் அப்பொலினாரியுஸ் முப்பது பகுதி எழுதினார். அதற்குள் காலம் மாறிவிட்டது. அரசனே கிறிஸ்தவன். கான்ஸ்டன்டைன் போர்ஃபிரியின் நூலை அழிக்க உத்தரவு போட்டார், அது போதாமல் 448-ல் இரண்டாம் தெயோதோசியுஸ் மறுபடி எரிக்கச் சொன்னார். புத்தகம் போனது. கூடவே அந்த மறுப்புகளும் போய்விட்டன, முப்பது பகுதியும் இருபத்தைந்து பகுதியும் இன்று இல்லை. கேள்வி இல்லாத ஊரில் பதிலை யார் படியெடுத்து வைத்துக்கொள்வார்கள்? தானியேல் விஷயம்கூட ஜெரோம் என்ற கிறிஸ்தவ அறிஞர் தன் தானியேல் உரையில் அதை மறுக்க எடுத்து எழுதியதால்தான் நமக்குத் தெரியும். பேரரசர் ஜூலியன் 362-63 வாக்கில் எழுதிய 'கலிலேயருக்கு எதிராக' நூலும் (கலிலேயர் என்று அவர் சொன்னது கிறிஸ்தவர்களை) இப்படித்தான், அலெக்சாந்திரியாவின் சிரில் மறுத்த அளவுக்குத் தப்பியது.

அந்த உத்தரவுகளை நினைத்தபோது எனக்குப் பழைய வேதாகமத்தின் 'உத்தரவு சொல்ல' ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. சந்தோஷமான சிரிப்பு இல்லை.

ஒரிஜெனையும் விட்டுவைக்கவில்லை. 543-ல் பேரரசர் ஜஸ்டினியன் அவர் போதனைகளைக் கண்டித்தார், 553-ல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் அவரைச் சபிக்கப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. அவருடைய தத்துவ நூலான 'முதல் கோட்பாடுகள்' முழுதாக இன்று ருஃபினுஸின் லத்தீன் மொழிபெயர்ப்பில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் எழுதிய மனிதரின் கிரேக்க மூலங்களில் பெரும்பாலானவை காணாமல் போயின. முழுசாகக் கிரேக்கத்திலேயே தப்பிய சிலவற்றில் ஒன்று செல்சஸுக்கு எழுதிய மறுப்பு; வத்திக்கானில் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கைப்பிரதி ஒன்று இருக்கிறது. 1941-ல் கெய்ரோவுக்குத் தெற்கே துராவில் ஒரு பழைய கல்குவாரிக் குகையைப் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் சுத்தம் செய்தபோது கிடைத்த பாப்பிரஸ் கட்டுகளிலும் இந்த நூலின் பகுதிகள் இருந்தன. எதிராளியைத் தூக்கிச் சுமந்த புத்தகம், எழுதியவரையும் சேர்த்துக் கரை சேர்த்திருக்கிறது.

எட்டாம் பகுதியில் செல்சஸின் தொனி மாறுகிறது. கிண்டல் குறைந்து கவலை வருகிறது. எல்லோரும் உங்களைப்போல ராணுவத்துக்கும் பதவிக்கும் வரமாட்டோம் என்று ஒதுங்கினால் பேரரசர் தனியாக நிற்பார், காட்டுமிராண்டிகள் கையில் உலகம் போய்விடும், வாருங்கள், அரசருக்குக் கை கொடுங்கள் என்று கிட்டத்தட்டக் கெஞ்சுகிறார். பேரரசர் மார்க்கு ஔரேலியுஸின் காலம், எல்லையில் ஓயாத போர். அவருக்குக் கிறிஸ்தவர்கள் மேல் இருந்த கோபத்தின் வேர் இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஒரிஜென், எல்லோரும் எங்களைப்போல ஆனால் காட்டுமிராண்டிகளும் ஆகிவிடுவார்களே என்கிறார். உங்கள் கோயில் பூசாரிகள் கையில் ரத்தம் படக்கூடாது என்று போருக்கு அனுப்பமாட்டீர்கள் அல்லவா, எங்களை அப்படி வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் ஜெபத்தால் போராடுகிறோம் என்கிறார்.

ஒரிஜென் எழுதிய வருஷம் கிறிஸ்தவர்களுக்கு அமைதியான வருஷம். ரோம் நகரம் தன் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடியது, அரியணையில் அரபு பிலிப்பு. ஆனாலும் மூன்றாம் பகுதியில் ஒரு இடத்தில், நாட்டில் நடக்கும் கலகங்களுக்கு எங்கள் எண்ணிக்கைதான் காரணம் என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள், இந்த நிம்மதி சீக்கிரம் முடிந்துவிடும் என்று எழுதியிருக்கிறார். முடிந்தது. 249-ல் தெசியுஸ் அரியணை ஏறினார். ஒரிஜெனைப் பிடித்து இரும்புச் சங்கிலி போட்டு இருட்டறையில் வைத்தார்கள், பல நாள் கால்களைத் தொழுமரத்தில் நாலு துளை தூரத்துக்கு அகட்டி மாட்டினார்கள். உயிர் போகாதபடி பார்த்துக்கொண்டார்கள், மறுதலித்தால் விளம்பரம் ஆகுமே. மறுதலிக்கவில்லை. வெளியே வந்து, சில வருஷத்தில், அறுபத்தொன்பது வயதில் இறந்தார்.

புத்தகத்தின் கடைசிப் பத்தி அதற்கெல்லாம் முந்தியது. அம்புரோஸுக்கு எழுதுகிறார். எப்படி வாழவேண்டும் என்று சொல்லித்தர இன்னொரு புத்தகம் எழுதுவேன் என்று செல்சஸ் வாக்குக் கொடுத்திருக்கிறார். எழுதவில்லை என்றால் இந்த எட்டுப் பகுதி போதும். ஒருவேளை எழுதி முடித்திருந்தால், தயவுசெய்து தேடிக் கண்டுபிடித்து எனக்கு அனுப்புங்கள், அதில் பொய்யானதை மறுக்கிறேன், நன்றாகச் சொல்லியிருந்தால் நன்றாகச் சொல்லியிருக்கிறார் என்று அதையும் எழுதுகிறேன்.